செவ்வாய்க்கிழமை லைன்

"லைன் சரியில்ல." என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைவிட இந்த இரண்டு சொற்களைத்தான் ஜனங்கள் என் காதில் அதிகமாகப் போட்டிருக்கிறார்கள். நான் அந்த வேலையில் இருந்த காலம் முழுவதும், ஒரு ஆள்கூட போன் செய்து "இன்னிக்கு லைன் நல்லா இருந்துச்சு தம்பி" என்று சொன்னதில்லை. நன்றாக ஓடும்போது லைன் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. கெட்டால்தான் என் ஞாபகம் வரும். திட்டு வாங்குவதற்கென்றே ஒருவனைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் ஊரில் நினைத்ததுபோல, நான் மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சீட்டாடிக்கொண்டிருந்தேன் என்று நீங்களும் நினைப்பீர்கள். இன்டர்நெட் வழியாகப் பேசுகிற போன் கால்களை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் தள்ளிவிடும் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. இரண்டாயிரத்து மூன்றில் சேர்ந்தேன். சர்வர்கள் சென்னையில், ஏசி போட்ட ஏதோ ஒரு கட்டடத்தில் இருந்தன. நான் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புதிதாக மனை பிரித்து விற்ற இடத்தில் ஒரு வீட்டின் மாடி அறையில் இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். நான் திறப்பதில்லை. வீடு கட்டுகிறவர்களின் சிமென்ட் தூசி வந்து கம்ப்யூட்டரில் உட்காரும்.

முதலாளி உள்ளூர்க்காரர். மாவட்டம் பிரிந்த புதிதில், எண்பத்தொன்பதை ஒட்டி, தேரடி பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்தவர். பூத் படுத்தபோது அதை ப்ரவுசிங் சென்டராக்கினார். ப்ரவுசிங் சென்டர் தெருவுக்கு நாலு முளைத்தபோது, ஜனங்கள் கம்ப்யூட்டர் பார்க்க வரவில்லை, மலேசியாவில் இருக்கிற ஆளோடு பேசத்தான் வருகிறார்கள் என்று கண்டுகொண்டார். செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி என்று சுற்றுவட்டாரத்து ப்ரவுசிங் சென்டர்களைச் சேர்த்தார். அந்தப் பக்கம் மலேசியா, சிங்கப்பூரில் இருந்த இன்டர்நெட் கடைகளைப் பிடித்தார். கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேச வழி செய்து கொடுத்தார். கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. கால் கூடினால் சர்வர் திணறும் என்பது மட்டும் கடைசிவரை அவர் மண்டையில் ஏறவில்லை. "ஜாஸ்தி கால் வந்தா நல்லதுதானே தம்பி, இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வச்சினு கீற?" என்பார்.

ஒரு ப்ரவுசிங் சென்டரில் பத்து கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியுலகத்துக்குத் தெரிவது ஒரே ஒரு முகவரிதான். மலேசியக் கடையிலும் அதே கதை. உள்ளே எந்தக் கம்ப்யூட்டர் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொட முடியாது. அதனால் இரண்டுக்கும் தெரிகிற மாதிரி நடுவில் ஒரு சர்வர் உட்கார்ந்திருக்க வேண்டும். இவர் பேசுவதை வாங்கி அவரிடம் கொடுக்கும், அவர் பேசுவதை வாங்கி இவரிடம் கொடுக்கும். ஒரு நொடிப் பேச்சை ஐம்பது துண்டாக நறுக்கித்தான் கம்ப்யூட்டர் அனுப்புகிறது. இரண்டு பேருக்கு நூறு துண்டு. ஒரே நேரத்தில் நானூறு கால் ஓடினால் நொடிக்கு நாற்பதாயிரம் துண்டு உள்ளே வரும், அத்தனையும் மறுபடி வெளியே போகும். ஒவ்வொரு துண்டும் ரொம்பச் சின்னது. சுமை கனத்தில் இல்லை. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறவர்களுக்கு இது புரியும். சோற்றின் எடை அவர்களுக்கு ஒரு பிரச்சினையே அல்ல, நீளுகிற கைகளின் எண்ணிக்கைதான் பிரச்சினை.

அந்த நாற்பதாயிரத்தில் என் அக்காவின் துண்டுகளும் இருந்தன.

அக்காவைச் செங்கம் பக்கம் கொடுத்தோம். மாமாவுக்குச் சமையல் வேலை. கல்யாணமான மறுவருடமே மலேசியாவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போனார். இரண்டு வருடத்தில் திரும்புவதாகப் பேச்சு. இரண்டு மூன்றாகி, மூன்று ஐந்தைத் தாண்டியது. பிள்ளை இல்லை. பிள்ளையும் இல்லாமல், மகனும் இல்லாத வீட்டில் மருமகளை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மாமியார் வீட்டில் யோசித்திருப்பார்கள் போல. ஆடிக்கு அழைத்து வந்த பெண்ணைத் திரும்பக் கூப்பிட ஒருவரும் வரவில்லை. நாங்கள் போய்க் கேட்டபோது, "எங்க பையன் வரட்டும், அவனே வந்து இட்டுனு போவான்" என்றார்கள். சண்டை போடக்கூட இடம் வைக்காத பதில். அதனால் அக்கா அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டிலேயே தங்கி, பாதையோரம் அம்மா வைத்திருந்த பெட்டிக்கடையில் உட்கார்ந்து கற்பூரமும் கலர் சோடாவும் தண்ணீர் பாக்கெட்டும் விற்றுக்கொண்டிருந்தாள். மாமா வந்தால் அவளுக்கு வீடு உண்டு. வராவிட்டால் என்ன என்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

செவ்வாய்க்கிழமை மாமாவின் சாப்பாட்டுக் கடையில் கூட்டம் கம்மி. மதியச் சமையல் முடிந்தபின், சாயங்கால அடுப்பு பற்றவைக்கும்வரை மாமாவுக்கு ஓய்வு, பக்கத்து இன்டர்நெட் கடைக்கு வந்து கூப்பிடுவார். அங்கே மூன்று மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று பிடித்து வருவாள். மற்ற நாட்களில் நான் என்ன தின்றேன் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. செவ்வாய்க்கிழமை மட்டும் தம்பியின் வயிறு ஞாபகத்துக்கு வந்துவிடும். அம்மாவும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி அன்றைக்கென்று பார்த்து நல்ல குழம்பாக வைத்துக் கொடுத்தனுப்புவாள்.

என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருவாள். மாட்டுவதற்கு முன் தலையில் வைத்த பூவை ஒதுக்கி விடுவாள். பார்க்கப்போவது யாருமில்லை, இருந்தாலும் பூ வைத்துக்கொண்டுதான் வருவாள். என்ன சாப்பிட்டீங்க, அங்க மழையா, கால்வலி எப்படி இருக்குது என்று கொஞ்ச நேரம் ஓடும். பிறகு பேச்சு வற்றும். அப்போது கேட்பாள், "எப்ப வர்றீங்க?" அந்தப் பக்கத்திலிருந்து உடனே வரும், "இன்னா? கேக்கல. லைன் சரியில்ல." அவள் இன்னும் சத்தமாகக் கேட்பாள். கேட்கவில்லை என்பார். அடுத்த வாரம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிடுவார். அவள் ஹெட்செட்டைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள், லைன் ஏதோ என் கையில் இருப்பது மாதிரி. என் கையில்தான் இருந்தது.

அந்த நாட்களில் மாமா சொன்னது பொய்யே இல்லை. லைன் அவ்வளவு கேவலமாக இருந்தது. சொல்லின் தலை வரும், வால் வராது. மழைக்காலத்துக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரல். எனக்குக் கோபம் வந்தது. மாமா மீது இல்லை, சர்வர் மீது. ஒரு பெண் கேட்கிற இரண்டே சொற்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துப்பில்லாத மெஷினை வைத்துக்கொண்டு, எம்.சி.ஏ. படித்தேன் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? கேள்வி உருப்படியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் பதில் வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். நான் படித்த லட்சணம் அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா சொன்னாள், "நீயும் கூட கேளு. எங்க அறுபடுதுன்னு உனக்குத்தான் தெரியும்." பெரிய தெருவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஹெட்செட் மாட்டுகிற இரட்டைப் பின் வாங்கி வந்தேன். அன்றிலிருந்து நானும் ஒன்றை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தம்பி லைன் பார்க்கிறான் என்று மாமாவிடம் அவளே சொல்லிவிட்டாள். "பாரு மச்சான், நல்லா பாரு" என்று அவரும் சிரித்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி அவரே கரண்டியோடு நின்றதை இன்றைக்கும் உறவில் பேசுவார்கள்.

அப்புறம்தான் சர்வரோடு என் மல்லுக்கட்டு தொடங்கியது. முதலில் பிடிபட்டது ஊமைக் கால்கள். கூட்டம் சேர்ந்தால் புதிதாக வரும் கால் மணி அடிக்கும், எடுத்தால் சத்தமே இருக்காது. நெட்டை மாற்றிப் பார்த்தேன், மெமரியைக் கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால், ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் இத்தனை வாசல்தான் திறந்து வைக்கலாம் என்று சிஸ்டத்தில் ஒரு வரம்பு. ஆயிரத்து இருபத்துநான்கு. ஒரு காலுக்கு நாலு வாசல் தேவை. அப்படியானால் இருநூற்றைம்பது சொச்சம் கால் ஓடும்போது அடுத்து வருகிறவனுக்குக் கதவு கிடையாது. யாரோ எந்தக் காலத்திலோ போதும் என்று நினைத்து வைத்த எண். அந்த ஒரு வரியை மாற்றினேன், ஊமைக் கால்கள் ஒழிந்தன. முதலாளி அரை கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நாங்கள் அதைத் தின்று முடிப்பதற்குள் இன்னொன்று தெரிந்துவிட்டது. இதுவரை வெளியே நின்றவர்களெல்லாம் உள்ளே வந்துவிட்டதால், இப்போது எல்லாருடைய பேச்சும் சேர்ந்து திக்கியது.

துண்டுகள் வரிசையில் நிற்கிற இடம் சின்னதாக இருந்தது. நிரம்பினால் வருகிறதெல்லாம் கீழே விழும். இடத்தைப் பெரிதாக்கினேன். திரையில், விழுந்த துண்டு பூஜ்யம் என்று வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா பேச உட்கார்ந்தபோது குரல் கணீரென்று கேட்டது. ஆனால் வரிசை நீளமாகிவிட்டதால் ஒவ்வொரு சொல்லும் நின்று நிதானமாக வந்து சேர்ந்தது. இவள் கேட்டது அங்கே போவதற்குள் அவர் வேறு எதையோ ஆரம்பித்திருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். நீ சொல்லு, இல்ல நீங்க சொல்லுங்க என்று அவருடைய ஓய்வு நேரம் முழுவதும் போயிற்று. அன்று அவள் கேட்க வந்ததைக் கேட்கவே முடியவில்லை. பேச்சில் தொலைகிற துண்டைக் காது எப்படியாவது இட்டு நிரப்பிக்கொள்ளும், பிந்தி வருகிற துண்டு யாருக்கும் உதவாது. புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. நான் படித்துவிட்டு மறந்திருந்தேன். மறுநாள் காலையில் வரிசையைப் பழையபடி குறைத்தேன்.

எந்த மாற்றமானாலும் காலை பத்து மணிவாக்கில்தான் செய்வேன். அந்த நேரத்தில் மலேசியாவில் மதியச் சமையல் மும்முரமாக நடக்கும், பேச ஆள் இருக்காது. ஒரு தடவை, எது வந்தது எது போனது என்று ஒவ்வொரு துண்டையும் பற்றி டிஸ்கில் குறிப்பு எழுதிக்கொண்டே இருப்பதைக் கண்டுபிடித்தேன். பாதி நேரம் சர்வர் எழுதத்தான் செய்தது, கொடுக்கல் வாங்கல் மிச்ச நேரத்தில். எந்த முட்டாள் இதை ஆன் செய்து வைத்தான் என்று கத்தினேன். பழுது தேடுவதற்காக நான்தான் ஆன் செய்திருந்தேன். அப்புறம் நெட்வொர்க் கார்டு. ஒவ்வொரு துண்டு வந்ததும் அது பிராசசரின் தோளைத் தட்டும். நொடிக்கு நாற்பதாயிரம் தட்டு வாங்குகிறவன் வேலையை எப்போது பார்ப்பான்? கொஞ்சம் சேர்த்து வைத்துத் தட்டுகிற நல்ல கார்டு வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். "தட்டினா தட்டிட்டுப் போவுது, அதுக்கு இன்னா வலிக்கவா போவுது?" என்றார். பல மாதம் நச்சரித்து வாங்கினேன்.

அதற்கும் மேல் ஒன்று மிச்சமிருந்தது. துண்டு முதலில் வந்து இறங்குவது சிஸ்டத்தின் அடித்தளத்தில். அது மேலே இருக்கிற எங்கள் புரோகிராமிடம் கொடுக்கும். புரோகிராம் முகவரி பார்த்துவிட்டு மறுபடியும் கீழே கொடுக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் மாடிப்படி ஏறி இறங்குகிற வேலை. யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதுதான் காலின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதே, அதற்கப்புறம் கீழேயே கைமாற்றிவிட்டால் என்ன? அதற்கு அடித்தளத்தையே திருத்திக் கட்ட வேண்டும். தப்பினால் சர்வர் எழுந்திருக்காது, நான் சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். இரண்டு தடவை அப்படி ஏறினேன். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சர்வர் வேலையே இல்லாததுபோல உட்கார்ந்திருந்தது. அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். யாரிடம் சொல்வது? கீழே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மோட்டார் போட்டீர்களா என்று கேட்டார்.

அந்த வருடக் கார்த்திகை தீபம்தான் அதற்குப் பரீட்சை. எங்கள் பக்கத்துக்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றும்போது ஊர் எழுப்புகிற அரோகரா சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பார்கள். ப்ரவுசிங் சென்டர்காரர்கள் மொட்டை மாடிக்கு நீளமாக ஒயர் இழுத்து மைக்கை மலைப் பக்கம் திருப்பி வைப்பார்கள். ஒருவரும் பேசமாட்டார்கள். கேட்பதற்கு மட்டுமே அத்தனை காலும் ஒரே நேரத்தில் வரும். முந்தைய வருடம் அதிலும் மானம் போயிருந்தது. ஆள் பேசாத நேரத்தில் துண்டு அனுப்பாமல் மிச்சம் பிடிக்கிற ஒரு வடிகட்டியை நாங்கள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டிருந்தோம். அது விடாமல் வருகிற அரோகராவை வெறும் இரைச்சல் என்று முடிவு செய்து வடிகட்டிவிட்டது. மலேசியாவில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கேட்டது உஸ் என்ற சத்தம் மட்டும். இந்த வருடம் வடிகட்டியை எடுத்துவிட்டேன். எடுத்தால் சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும். சர்வர் தாங்கினால் தாங்கட்டும், செத்தால் சாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாங்கியது. ஜன்னலை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன். முதலில் சுவரைத் தாண்டி அரோகரா கேட்டது. கொஞ்சம் பிந்தி அதே அரோகரா, சென்னைக்குப் போய்த் திரும்பி, ஹெட்செட்டில் கேட்டது. ஒரு துண்டுகூட விழவில்லை. வாழ்க்கையில் ஒரு வேலையை முழுசாகச் செய்தேன் என்றால் அந்த ஒரு சாயங்காலம்தான். தீபத்தை நான் பார்க்கவில்லை. முதலாளி போன் செய்து, அடுத்த வருசம் இன்னும் ஜாஸ்தி வரும், தயாரா இரு என்றார். சர்வரில் இவ்வளவு இடம் மிச்சமிருக்கும்போது வடிகட்டி எதற்கு என்று அதை நான் திரும்பப் போடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா வந்தாள். தீபத்துக்குக் கடையில் நல்ல வியாபாரம், தொண்டை கட்டியிருந்தது. லைனை அடித்துத் துவைத்துக் காயவைத்திருக்கிறேன், வந்து கேள் என்று பெருமையடித்துக்கொண்டேன். மாமா பேசியது பக்கத்து அறையிலிருந்து பேசுவது மாதிரி இருந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது. நாற்காலி கிரீச்சிட்டது, தெருவில் ஏதோ வண்டி போனது, எல்லாம் கேட்டது. அவள் கேட்டாள், "எப்ப வர்றீங்க?" அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில், முன்பு வடிகட்டி தின்றிருக்கக்கூடிய இடத்தில், ஒரு சின்னக் குரல் கேட்டது. "பா, போலாம்." அவருடைய உள்ளங்கை மைக்கை மூடுகிற சத்தமும் கேட்டது. பிறகு, "இன்னா? கேக்கல. லைன் சரியில்ல" என்றார்.

என் திரையில் அந்தக் காலின் வரி ஓடிக்கொண்டிருந்தது. விழுந்தது பூஜ்யம். பிந்தியது பூஜ்யம். இந்தப் பக்கமும் பூஜ்யம், அந்தப் பக்கமும் பூஜ்யம்.

அக்கா ஹெட்செட்டைக் கழற்றவில்லை. "லைன் எப்படிடா இருக்குது?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன், என் வாய் சும்மா இருக்காமல். லைன் சோதிப்பதற்கு ஒரு எண் வைத்திருந்தோம். அதற்குப் போட்டால் நாம் பேசுவது சர்வர்வரை போய் அப்படியே நம் காதுக்குத் திரும்பும். அதைப் போடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன். ஏதாவது எண்ணிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். "எப்ப வர்றீங்க?" என்றாள். அவள் குரலே, கட்டிய தொண்டை சகிதம், துளி பிசிறில்லாமல் அவளைக் கேட்டது. சரி என்று தலையாட்டினாள். இன்டர்நெட் கடையென்றால் பக்கத்தில் யாராவது குழந்தையோடு வந்திருப்பார்கள் என்று அவளாகவே சொன்னாள். ஆமாம், இருக்கும் என்றேன். எனக்குச் சாப்பாடு போட்டுக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். நான் அன்று சாப்பிடவில்லை. நான் சரிசெய்தது எதை என்று நினைத்துப் பார்த்தேன். அவர் ஒளிந்துகொள்ள ஒரு இடம் இருந்தது, அவள் நம்பிக்கொள்ளவும் அதே இடம்தான் இருந்தது, அதைத்தான் நான் துண்டு துண்டாகப் பொறுக்கித் துடைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் சில வாரம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சாப்பாடு, மழை, கால்வலி என்று பேசிவிட்டு எழுந்தாள். வடிகட்டியைத் திரும்பப் போட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றும். ஏன் போடவில்லை என்றால், கேட்டுவிட்ட குரலை எந்த வடிகட்டியாலும் எடுக்க முடியாது.

மாசி மாதம். வெயில் ஏறிய ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாமா சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. "மச்சான் இருக்கானா?" என்று கேட்டார். இருக்கிறேன் மாமா என்றேன். "நீயும் இருக்கறது நல்லதுதான்" என்றார். பிறகு அக்காவிடம், மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"நான் இனிமே வரல. இங்க எனக்கு ஒரு குடும்பம் ஆயிடுச்சு. ரொம்ப நாளாச்சு, சொல்லத்தான் முடியல. தப்பு என்னுதுதான். நீ உன் வழிய பாத்துக்க."

ஒவ்வொரு சொல்லும் தலையும் வாலுமாக வந்து சேர்ந்தது. இவ்வளவு தெளிவான ஒரு காலை நான் அந்த வேலையில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வடிகட்டி இல்லாததால் அக்கா பேசாமலிருப்பதும் நொடிக்கு ஐம்பது துண்டாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மேஜை மேலிருந்த சாப்பாட்டுத் தூக்கின் மூடியை அவள் விரல் ஒருமுறை அழுத்திப் பார்த்தது.

"இன்னாங்க? கேக்கல" என்றாள். "லைன் சரியில்ல."

அவர் மறுபடியும் சொன்னார், இன்னும் சத்தமாக. அந்தக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அவள், "ஒண்ணுமே கேக்கலைங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை. மாமாவுக்குத்தான் நடுங்கியது. "மச்சான்," என்றார், "நீ சொல்லுடா. லைன் நல்லாத்தானே இருக்குது?"

திரையைப் பார்த்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எத்தனை மாதத்து உழைப்பு அந்தப் பூஜ்யங்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தூக்கு மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மாமா," என்றேன். "இங்க ஒண்ணும் கேக்கல. லைன் சரியில்ல."

அவர் வைத்துவிட்டார்.

அக்கா ஒயரைச் சுற்றி வைத்தாள். சாப்பாடு போட்டாள். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம், இந்த வாரம் லைன் ரொம்ப மோசம், தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லியிருக்கிறாள். அம்மா ராத்திரி சோறு போடும்போது, இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம், ஒரு லைனைச் சரிபண்ண முடியவில்லை என்று என்னைக் கடிந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்க்கிறேன் என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்தாள், தூக்கோடு, பூவோடு. பன்னிரண்டரைக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் நானும் மாட்டிக்கொண்டேன். கால் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவள் வருவதை நிறுத்தவில்லை. ஒரு மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். பிறகு செல்போன் எல்லார் கைக்கும் வந்தது, வெளிநாட்டுக் கட்டணம் இறங்கியது, ப்ரவுசிங் சென்டர்கள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடையாக மாறின. முதலாளி மனை வியாபாரத்துக்குப் போய்விட்டார். பூஜை நின்றுபோன சாமியைப் போல ஒருத்தரும் கவனிக்காமல் ஓடிக்கொண்டிருந்த சர்வரைக் கடைசியில் நான்தான் நிறுத்தினேன். நிறுத்தும்போது அதில் ஒரு கால்கூட இல்லை. அவ்வளவு சுமை தாங்கும்படி நான் கட்டி வைத்திருந்தேன்.

செங்கம் பக்கத்து உறவுக்காரர்கள் கிரிவலம் வந்தால் இப்போதும் எங்கள் கடையில் நின்று கலர் குடிப்பார்கள். அவன் பேசுகிறானா என்று கேட்பார்கள். அங்கிருந்து லைன் சரியாகக் கிடைப்பதில்லை என்று அக்கா சொல்லுவாள். செல்போன் காலத்தில் அது என்ன லைன் என்று அவர்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள், கம்ப்யூட்டர் படித்தவன் என்று. ஆமாம், அங்கே இன்னும் சரியாகவில்லை என்று நான் சொல்லுவேன்.